பின்னறைச் சுவர்

வழவழவென்று இருக்கிற சுவரில் தாளை ஒட்டி மெழுகுக் கட்டியால் தேய்த்தால் என்ன வரும்? ஒரு மண்ணும் வராது. தாள் முழுக்க ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். நோட்டுத் தாளுக்கு அடியில் காசை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்க்காத பிள்ளை எங்கே இருக்கிறது? மேடு இருந்தால் மேடு விழும், பள்ளம் இருந்தால் பள்ளம் விழும், ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் விழாது. ஆனால் தையல்காரம்மா இரண்டு கையாலும் பிடித்து நீட்டிய தாளில், கறுப்புக்கு நடுவே, நாலு விரல் நுனிகள் விழுந்திருந்தன.

“இது எங்க எடுத்தீங்க?” என்று கேட்டாள் வகுப்பை நடத்துகிறவள்.

“அந்தச் சுவர்லதான் மேடம். சன்னலுக்குப் பக்கத்துல.”

“தாளுக்கு அடியில கைய வச்சுக்கிட்டுத் தேச்சிருக்கீங்க.”

“ஒரு கையால தாளைப் பிடிச்சேன், ஒரு கையால தேச்சேன். மூணாவது கைக்கு நான் எங்க மேடம் போவேன்?”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். சும்மா நாலு வட்டம் இல்லை. ஒவ்வொன்றிலும் ரேகை சுழி சுழியாக விழுந்திருந்தது. போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். பழைய காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு, தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றியது, கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு மேடு இல்லை, ஒரு கீறல் இல்லை. முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஈரச் சுண்ணாம்பு வாசனை லேசாக அடித்தது. மழைக்காலம், பழைய கட்டடம், அடிக்காமல் என்ன செய்யும்?

“கையில எண்ணெயோட தாளைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். தையல்காரம்மா வாங்கிக்கொண்டாள், ஆனால் மறுபடி அந்தச் சுவர்ப் பக்கம் போகவில்லை.

இந்தக் கூத்து நடந்தது ஓர் அருங்காட்சியக வீட்டில். குடைக் கம்பெனி முதலாளி ஒருவர் கட்டிய வீடு அது. அவர் குடைகள் ஒழுகும் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு. ஆனால் செத்துப்போனவருக்கு என்ன மரியாதை பாருங்கள்: அவருடைய செருப்பு ஒரு கண்ணாடிப் பெட்டியில், அவர் மனைவியின் சீப்பு ஒரு கண்ணாடிப் பெட்டியில், அவருடைய பல்செட் ஒரு கண்ணாடிப் பெட்டியில், அதற்குத் தனியாக ஒரு விளக்கு வேறு. ஜனங்கள் பல்செட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். புதிதாக வந்த இயக்குநருக்கு அது போதவில்லை. ‘இந்த வீடு மக்களோடது, இது மக்களைத் தொடணும்’ என்று கூட்டம் போட்டுப் பேசினார். அறைக்கு அறை ‘தொடாதீர்கள்’ என்று பலகை மாட்டிய மனிதர் பேசுகிற பேச்சு அது. அதிலிருந்து பிறந்ததுதான் சனிக்கிழமை மத்தியான மக்கள் கலை வகுப்பு. காட்சிக்கு வைக்க லாயக்கு இல்லாத பின்னறை ஒன்றை ஒதுக்கினார்கள். உடைக்க அதில் ஒன்றும் இல்லை, மூன்று பக்கம் செங்கல், ஒரு பக்கம் அந்த வழவழச் சுவர். நடத்துகிற வேலை இவள் தலையில் விழுந்தது.

கலைக் கல்லூரியில் படித்தவள், குடைக்காரன் வீட்டில் தேய்ப்புப் படம் சொல்லிக்கொடுக்கிறாள். அழகுதான். வந்து சேர்ந்த கலைஞர்களோ அதைவிட அழகு. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், மெழுகுக் கட்டியைப் பேனா மாதிரி பிடித்துக்கொண்டு, எடுத்த ஒவ்வொரு தாளிலும் கீழே கையெழுத்துப் போட்டுவிடுவார். “நான் வரைஞ்சது எப்படி மேடம் இருக்கு?” என்பார். “நீங்க வரையல சார். சுவர்ல இருக்கிறதை எடுத்திருக்கீங்க” என்று ஒவ்வொரு வாரமும் சொல்வாள். மனிதர் காதில் ஏறினால்தானே. அப்புறம் அந்தத் தையல்காரம்மா. அப்புறம் மழைக்கு ஒதுங்க வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட ஏழெட்டுப் பேர். ஆள் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவேன் என்று இயக்குநர் சொல்லியிருந்ததால், எண்ணிக்கைக்காகத் தன் தங்கையையும் இழுத்துவந்து உட்கார வைத்திருந்தாள்.

தங்கைக்கு அவள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். சின்ன வயதிலேயே வைத்தது. கட்டிக்கொண்டவன் வேண்டாம் என்று அனுப்பிய அன்று ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்று, “வந்துட்டேன்க்கா” என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து அக்கா வீட்டில்தான். கேட்டதற்குப் பதில் வராது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே அழுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு. வழியெல்லாம் தலைமுடி, அணைக்காத விளக்கு, எப்போதும் ஒரு மூக்குறிஞ்சல். பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வரும். அப்பா அம்மா போன பிறகு இந்த உலகத்தில் தனக்கென்று இருப்பது இந்த மூக்குறிஞ்சி ஒருத்திதான் என்பதை நினைத்தால் எரிச்சல் இன்னும் கூடும்.

அந்தத் தங்கை ஒருநாள் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டாள், வகுப்பு நடுவில்.

“அக்கா, எடுத்துட்டா அப்புறம் அது அங்க இருக்காதா?”

“மடச்சி, படி எடுக்கிறதுடி. பொருள் அங்கேயேதான் இருக்கும்.”

தங்கை தலையாட்டினாள். அவள் மடியில் இருந்த தாளை அப்போதுதான் அக்கா பார்த்தாள். அதே சுவர். ஒரு முழு உள்ளங்கை விழுந்திருந்தது, மணிக்கட்டு வரை. அசல் அளவு. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கண்ணாடியில் கை வைப்பது மாதிரி வைத்து அழுத்தியிருந்தார்கள்.

அந்தப் பக்கம் என்று ஒன்று இருந்தால்தானே. அது வெளிச்சுவர். வகுப்பு முடிந்ததும் தோட்டத்து வழியாகச் சுற்றிப்போய் அவள் பார்த்தாள். மழையில் ஊறிக் கறுத்த வெளிப்பூச்சு, அதன்மேல் பாசி, கீழே தண்ணீர் தேங்கிய வாய்க்கால், ஒரு தவளை. யாரும் நின்ற அடையாளம் இல்லை, நிற்க இடமும் இல்லை. நனைந்ததுதான் மிச்சம். திரும்பி வரும்போது தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். நாலு தண்டங்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் புத்தி மழுங்கிப் போச்சு என்று.

அடுத்த வாரம் மேனேஜர் எடுத்த தாளில் ஒரு காது இருந்தது.

காது மட்டும். மடல், உள்மடிப்பு, தோடு குத்திய துளை, எல்லாம் தெளிவாக. சுவரோடு சுவராக அழுந்திக்கொண்டு, இந்தப் பக்கம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கிற காது. மேனேஜர் அதில் கையெழுத்துப் போடவில்லை. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்த ரூம் எனக்கு ஒத்துக்கல.”

“ஒத்துக்கலையா? சுவர் என்ன சாப்பாடா சார், ஒத்துக்காம போறதுக்கு?”

“சிரிக்கிறதுக்கு இல்ல மேடம். நாங்க பேசினா அது கேக்குது. நேத்து இன்னைக்கு இல்ல, முதல் நாள்லேர்ந்தே எனக்கு அப்படித் தோணுது. வேற ரூம் குடுங்க, வரேன்.”

“எனக்கும் அப்படித்தான் மேடம் இருக்கு” என்றாள் தையல்காரம்மா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. பின்னால் இரண்டு பேர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள்.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. வகுப்பு போகட்டும், வேலை போகட்டும். இந்தக் கூட்டம் தன்னை விட்டு எழுந்து போவதா? மெழுகுக் கட்டியை எப்படிப் பிடிப்பதென்று தெரியாத கூட்டம். அவள் அறை நடுவில் வந்து நின்றாள்.

“உக்காருங்க எல்லாரும். சுவர்ல என்ன இருக்குன்னு இப்பப் பாத்துடலாம்.” தங்கையைப் பார்த்துக் கையை நீட்டினாள். “ஏய், நீ வா. இந்தச் சுவர்ல கன்னத்தை வச்சு நில்லு. ரெண்டு கையையும் விரிச்சு வை. எல்லாரும் பாக்கட்டும்.”

தங்கை அசையவில்லை. “வேணாம்க்கா” என்றாள்.

“என்ன வேணாம்?”

“எனக்குப் பயமா இருக்குக்கா. நீ வேணா வையேன்.”

“எதிர்த்துப் பேச மட்டும் வாய் வருதா உனக்கு? சொன்னதைச் செய்டி. தின்ற சோத்துக்கு இதாவது பண்ணு.”

எல்லார் முன்னாலும் சொன்னாள். தங்கையின் முகம் சிவந்தது, கண் நிறைந்தது, ஆனால் எழுந்துவிட்டாள். சுவரருகே போய் ஒருமுறை திரும்பி அக்காவைப் பார்த்தாள். அப்புறம் இடது கன்னத்தைப் பூச்சில் வைத்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து, மெல்ல ஒட்டி நின்றாள். வெளியே மழை வலுத்தது. அவள் மூக்குறிஞ்சுவது சுவரில் பட்டு அறை முழுக்கக் கேட்டது.

“பாத்தீங்களா சார்?” என்று அக்கா மேனேஜர் பக்கம் திரும்பினாள். அந்த மனிதர் மூஞ்சி எப்படிப் போகிறதென்று ரசித்துப் பார்க்க வேண்டும் என்று அத்தனை ஆசை. அவர் மூஞ்சி வெளுத்துக்கொண்டு போனது. ஈரத் துணியைத் தரையில் போட்டது மாதிரி, முதுகுக்குப் பின்னால் சப்பென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினாள். தங்கை சுவரை விட்டு வந்து, கைகளைத் தட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணும் இல்லக்கா. சும்மா சுவர்தான்” என்றாள், கணீரென்று. “எல்லாரும் வாங்க, ஆளுக்கொரு தாள் எடுத்துப் பாருங்க.”

எடுத்தார்கள். அன்றைக்கு எல்லாத் தாளிலும் வெறும் கறுப்புதான் வந்தது. தையல்காரம்மாகூடச் சிரித்துவிட்டாள். மேனேஜர் மட்டும் எடுக்கவில்லை. தங்கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மழையில் குடை விரிக்காமல் போய்விட்டார். போனால் போகட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் தங்கைதானா இது என்று நம்ப முடியவில்லை. என்ன கேட்டாலும் பதில் வந்தது, கேட்காமலேயே வேலை நடந்தது. “சரிக்கா.” “ஆச்சுக்கா.” “நீ உக்காருக்கா, நான் பாத்துக்கறேன்.” குளியலறையில் ஒரு முடி இல்லை. விளக்கெல்லாம் அணைந்திருந்தது. வகுப்புக்கு வந்தவர்களுக்கு அவளே தாள் ஒட்டிக்கொடுத்தாள், வேடிக்கையாகப் பேசினாள், புது ஆட்கள் நாலு பேர் சேர்ந்தார்கள். இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, மக்கள் கலை மனுஷனை மாத்தும்னு சொன்னேனா இல்லையா என்று மார்தட்டிக்கொண்டார். வாயில் ஈ போவது தெரியாமல் அக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நாலு பேர் முன்னால் ஓர் அதட்டல் போட்டதும் கழுதைக்குப் புத்தி வந்துவிட்டது என்று உள்ளுக்குள் அவளுக்கும் பெருமைதான்.

ஆனால் சின்னச் சின்னதாகச் சில விஷயம் கண்ணில் பட்டது. தங்கை எழுந்துபோன படுக்கையில் ஒரு கசங்கல் இருக்காது. தலையணை, கடையிலிருந்து வாங்கிவந்தபடியே உப்பிக்கொண்டு கிடக்கும். குளித்துவிட்டு ஈரக் காலோடு நடப்பாள், தரையில் தடம் விழாது. கொதிக்கிற டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பாள். நாற்காலி காலியாக இருந்தாலும் சுவரில் முதுகை ஒட்டித்தான் நிற்பாள். அவள் பக்கத்தில் வந்தால், எந்த சோப்பும் அமுக்காத ஒரு வாசனை. ஈரச் சுண்ணாம்பு.

ஒரு சாயங்காலம் சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. சரக். சரக். எட்டிப் பார்த்தாள். தங்கை சுவரை உள்ளங்கையால் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தாள், ஒரே இடத்தில், காதைச் சாய்த்துக்கொண்டு.

“என்னடி பண்ற?”

“தூசி தட்றேன்க்கா.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கவில்லை என்பதுகூட இல்லை, அந்தக் கண் அக்காவைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அக்கா குளியலறைக் கதவருகே போய் வெகு நேரம் நின்றாள். எதற்கு நின்றாள் என்று அவளுக்கே கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது. குழாய்ச் சத்தம் கேட்குமா, அதற்கு அடியில் அந்த அழுகை கேட்குமா என்று காத்துக்கொண்டு நின்றாள். வீடு அமைதியாக இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. சே, இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று போய்ப் படுத்தாள், ஆனால் அறைக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் வந்தது. எடுத்த படங்களையெல்லாம் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும். மறுநாள் ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்து அவற்றைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள். மேனேஜர் தன் தாள்களை எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதனால் ஒரு சட்டம் காலியாக நின்றது. இயக்குநர் வீட்டுக்குப் போயிருந்தார், மற்றவர்களும் போய்விட்டார்கள். தங்கையை டேப் எடுத்துவரச் சாமான் அறைக்கு அனுப்பிவிட்டு, அவள் பின்னறைக்குப் போனாள். ஒரு தாள்தானே. எந்தக் குரங்கும் எடுக்கும். சட்டத்துக்குள் போய்விட்டால் எல்லாம் கலைதான்.

செங்கல் பக்கம் எடுத்திருக்கலாம். செங்கல் படம் நிறைய இருந்தது. வழவழச் சுவரில் கறுப்பாக ஒன்று எடுத்து, ‘மௌனம்’ என்று தலைப்புப் போட்டால் பெரிய மனிதர்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றியது. பெரிய தாளாகப் பார்த்து நாலு மூலையிலும் ஒட்டினாள். வெளியே தூறல், சன்னல் வழியாகச் சாம்பல் வெளிச்சம், தோட்டத்துச் சருகு அழுகும் வாசனை, எங்கோ தாழ்வாரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். மெழுகுக் கட்டியைப் படுக்கவைத்து, கீழேயிருந்து மேலே, அலுப்போடு தேய்த்தாள்.

மோவாய் வந்தது.

கை நின்றது. அப்புறம் தானாகத் தேய்த்தது. கீழ் உதடு. மேல் உதடு. வாய் திறந்திருந்தது. பல் வரிசை. சுவரில் அழுந்தி ஒருபக்கமாகச் சப்பிப்போன மூக்கு. கன்னம். கண். கண்ணும் திறந்திருந்தது, இமை முடி ஒவ்வொன்றும் தனித் தனியாக விழுந்தது. முகத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு உள்ளங்கை, விரல் விரிந்து. நகம் பெயர்ந்து.

தங்கை முகம். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா? அசல் அளவில், அங்கே, பூச்சுக்குள், கத்திக்கொண்டிருந்தாள் அவள் தங்கை.

தாளைப் பிய்த்தெடுத்துக் கீழே போட்டுவிட்டுச் சுவரைத் தடவினாள். வழவழவென்று சும்மா இருந்தது சுவர். முஷ்டியால் குத்தினாள். நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாகக் கொஞ்சம் மாவு உதிர்ந்தது.

“என்னக்கா பண்ற?”

வாசலில் டேப்போடு நின்றது அது. தங்கையின் புடவை, தங்கையின் செருப்பு. தரையில் கிடந்த தாளை எடுத்து, விரித்து, தள்ளிப்பிடித்துப் பார்த்தது.

“நல்லா வந்திருக்குக்கா.”

வாயைத் திறந்தால் எவனையும் கிழித்துத் தோரணம் கட்டுகிறவள், சுவரோரம் ஒண்டிக்கொண்டு நின்றாள்.

“நீ யாரு?”

“என்னையும் ஒண்ணு எடேன். எடுத்துப் பாரு.”

பக்கத்தில் வந்தது. முகத்தை நீட்டியது. புதுத் தாள் ஒன்றைத் தானே எடுத்து, துடைத்துக்கொள்வது மாதிரித் தன் முகத்தில் போர்த்திக்கொண்டு நின்றது. அவள் கை போனது. போகாதே என்று சொன்னாள், போனது. தாளுக்கு அடியில் மூக்கு தட்டுப்பட்டது. உதடு தட்டுப்பட்டது. மெழுகுக் கட்டியால் தேய்த்தாள்.

மூக்கு விழவில்லை. செங்கல் விழுந்தது. ஒன்றின்மேல் ஒன்று, வரிசை வரிசையாக. நடுவில் சாந்துக் கோடு. வாய் இருக்க வேண்டிய இடத்திலும் செங்கல்.

“அவளை விடு” என்றாள் அவள்.

“யாரைக்கா?”

“என் தங்கச்சியை.”

“நான்தானேக்கா. வேலை செய்றேன், பேசறேன், சிரிக்கிறேன். உனக்கு இதானே வேணும்?”

“வேணாம். எனக்கு அவதான் வேணும். அந்த ஊமைக்கோட்டான்தான் வேணும். மூக்க உறிஞ்சிக்கிட்டு, அழுதுக்கிட்டு, எப்படி இருந்தாலும் பரவால்ல, அவளைக் குடுத்துடு.” பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அழுது எத்தனை வருஷம் ஆகிறதென்று அவளுக்கே தெரியாது.

அது முகத்திலிருந்து தாளை எடுத்தது. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து அவளை ஏற இறங்கப் பார்த்தது. அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். மேனேஜரை அவள் பார்க்கிற பார்வை அது, தையல்காரம்மாவை, இயக்குநரை, தங்கையை.

ஒருத்தி உள்ளே போனாள், ஒன்று வெளியே வந்தது. அப்படித்தானே நடந்தது? அப்படியானால் இன்னொருத்தி போனால் அவள் வந்தாக வேண்டும். அதற்குமேல் யோசிக்க அவளால் முடியவில்லை. திரும்பினாள். சுவரில் கன்னத்தை வைத்தாள். இரண்டு கையையும் விரித்து வைத்தாள்.

“என்னை எடுத்துக்கோ. அவளை விட்டுடு.”

சில்லென்று இருந்தது. ஈரச் சுண்ணாம்பு. முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் கன்னத்துக்கு நேரே, பூச்சுக்கு அந்தப் பக்கத்தில், ஏதோ அசைந்தது. மெத்தென்று. உதடு. தங்கையின் உதடு. சத்தம் ஒன்றும் வரவில்லை, அசைவு மட்டும் கன்னத்தில் தெரிந்தது. மூடியது. குவிந்தது. மூடியது. குவிந்தது. ஒரே சொல், திரும்பத் திரும்ப.

போ.

போ. போ. போ.

கன்னத்தை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. கையும் வரவில்லை. பின்னால் தாள் சுருள் பிரிகிற சத்தம் கேட்டது. டேப் கிழிகிற சத்தம். தலையிலிருந்து முதுகு வரை சில்லென்று ஒரு தாள் வந்து படிந்தது.

“அசையாம நில்லுக்கா” என்றது அது, அவள் காதருகே, அவளுடைய சொந்தக் குரலிலேயே. “எடுத்துக்கறேன்.”

சரக்.

பிடரியில் ஆரம்பித்தது. சரக். தோள். சரக். நிதானமாக, ஓர் இடம் விடாமல், அது தேய்த்துக்கொண்டே கீழே இறங்கியது. கன்னத்துக்கு அந்தப் பக்கம் தங்கையின் உதடு மூடியது, குவிந்தது.